ஒரு சிறகின் சாட்சியம்

கும்பிடுபூச்சியை அறியாதார் மலைநாட்டில் இலர். தேயிலைச் செடியின் மேல்மட்டத்திலே கூப்பிய கையும் திரும்பிய தலையுமாய் அசையாது நிற்கும் அவ்வுருவத்தைக் கொழுந்தெடுக்கும் பெண்களும் அறிவர். பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். தமிழகத்திலே சிலர் அதனைப் 'பெருமாள் பூச்சி' என்பர். ஐரோப்பியர் வழங்கும் 'மாந்திஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கோ வருவது உரைப்போன் என்று பொருள். எந்நாட்டாரும் அதன் முன்னங்கால்களைக் கண்டு வியந்தே பெயரிட்டிருக்கின்றனர். இரையைக் கவ்வுதற்கு மடித்து வைத்த அரிவாள்களை வணங்கும் கைகளாகக் கண்டது மனிதனின் பக்தி உள்ளம்.

ஆனால் அந்தக் கைகளைக் காணாமலே, தலையையும் காணாமலே, சிறகை மட்டும் கண்டு ஒரு கும்பிடுபூச்சிக்குப் பெயரிட முடியுமா? முடியும் என்று 2020 ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் சிலர் காட்டினர். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த ஒரு பூச்சி, பாறையிலே விட்டுச்சென்ற சிறகுச் சுவடுகளைக் கொண்டு 'லாப்ரடோர்மாந்திஸ் கில்போல்டி' என்னும் புதிய பெயரைப் பெற்றது. முதற்பெயர் அது கிடைத்த லாப்ரடோர் நிலத்தையும், இரண்டாம் பெயர் ஒரு மனிதரையும் நினைவூட்டுகின்றன. அவ்வாண்டில் உலகம் பெருநோயின் பிடியில் இருந்தமையால் இச்செய்தி நம்மவர் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. எனினும் ஊவாவிலுள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை ஊன்றி நோக்க வேண்டுமென்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கைவிட்ட சுரங்கம்

கிபெக், லாப்ரடோர் என்னும் இரு நிலங்களும் சந்திக்கும் எல்லையருகே செபர்வில் என்றொரு சிற்றூர் உண்டு. இரும்புத்தாதுக்காகவே எழுந்த ஊர் அது. 1954 முதல் அங்கிருந்து புகையிரதம் தாதுவைக் கடற்கரைக்குச் சுமந்து சென்றது. 1982 இல் கம்பனி வேலையை நிறுத்தியது. வந்தேறியவருட் பெரும்பாலோர் சென்றுவிட, அந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய இன்னு, நஸ்காபி மக்கள் எஞ்சினர். கம்பனி வருவதும் போவதுமே ஊரின் வரலாறாக அமைவது எத்தகையது என்பதைத் தோட்டப் பகுதியில் வாழ்வோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவ்வூரின் அண்மையிலுள்ள ரெட்மண்ட் சுரங்கத்திலே, தாதுக் கற்களின் நடுவே செந்நிறக் களிமண் பாறைகள் கிடந்தன. வாங்குவாரற்ற அப்பாறைகளுக்குள்ளேதான் இலைகளின் சுவடுகளும் பூச்சிகளின் சுவடுகளும் இருந்தன. 1950 களின் பிற்பகுதியிலே இவை கவனத்துக்கு வந்தன. பூச்சிச் சுவடுகளில் மாபெரும் அறிஞரான பிராங்க் கார்ப்பென்டர் 1967 இல் அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுதினார். பின்னர் நீண்டகாலம் அவ்விடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவ ஆய்வாளராக இருந்த அலெக்சாந்தர் தெமேர்-பொத்வானும் அவர்தம் துணைவரும் 2018 இல் அங்கே மீண்டும் தேடியதன் பயனே இக்கண்டுபிடிப்பு.

ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். இரும்பைத் தேடி மண்ணைப் பிளந்தவர் தொழிலாளர். அவர் பிளந்திராவிடில் அச்சிறகு வெளிச்சம் கண்டிராது. அறிவின் வரலாற்றிலே இத்தகைய கைகளின் பங்கு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

சிறகை வாசிக்கும் முறை

பூச்சி இறந்தால் முதலில் அழிவது மென்மையான உடல். சிறகோ மெல்லியதெனினும் உறுதியானது. அதிற் சத்தில்லாமையால் உண்பாரும் குறைவு. உடலை விட்டுப் பிரிந்த சிறகு நீரில் மிதந்து, பின் அடியிலே படிந்து, நுண்மணற் படையால் மூடப்பட்டுக் கல்லாகும். ஆகவேதான் பூச்சிகளின் பண்டை வரலாறு பெரும்பாலும் சிறகுகளாலேயே எழுதப்பட்டுள்ளது.

ஒரு சிறகை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இலையின் நரம்புகளைப் போல அதிலும் நரம்புகள் ஓடும். இவை வெறும் கோடுகளல்ல. சிறகு வளரும் காலத்திலே காற்றுக் குழலும் குருதி நீரும் செல்லும் வழிகள். வளர்ந்தபின் குடைக்கம்பிகள் போலத் தாங்கி நிற்பவை. கோம்ஸ்ரொக், நீடம் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1898 இலும் 1899 இலும் எழுதிய கட்டுரைகளில், எல்லாப் பூச்சிகளின் சிறகுகளுக்கும் அடிப்படையான நரம்பமைப்பு ஒன்றே எனக் காட்டி, ஒவ்வொரு நரம்புக்கும் பொதுப்பெயர் இட்டனர். விளிம்பு நரம்பு, அதனையடுத்த நரம்பு, ஆரை நரம்பு, நடு நரம்பு என அவை வரிசையாக அமையும். எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எத்தனை கிளை, எது எதனோடு இணைகிறது என்பனவே ஒரு சிறகின் எழுத்துக்கள். அவற்றைக் கற்றவனுக்குத் தும்பியின் சிறகும் கரப்பானின் சிறகும் இரு வேறு மொழிகளாகத் தோன்றா. ஒரே மொழியின் இரு வழக்குகளாகத் தோன்றும்.

கரப்பானை நான் காரணமின்றிச் சொல்லவில்லை. கும்பிடுபூச்சியின் நெருங்கிய உறவினர் கரப்பானும் கறையானுமே என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. வெட்டுக்கிளியை ஒத்த தோற்றம் வெறுந்தோற்றமே. ஆகவே ஒரு பண்டைச் சிறகு கையிற் கிடைத்தால், அது கரப்பானதா கும்பிடுபூச்சியினதா என்பதே முதலில் எழும் வழக்கு. அவ்வழக்கைத் தீர்க்கும் சாட்சி நரம்புகளின் கிளைப்புமுறையிலே இருக்கிறது.

இவ்வாசிப்பிலே இடர்கள் பல. கல்லைப் பிளந்தால் சிறகின் அச்சு ஒருபுறமும் அதன் எதிரச்சு மறுபுறமும் கிடைக்கும். சிறகிலே மேடான நரம்பு ஓர் அச்சிலே மேடாகவும் மற்றதிலே பள்ளமாகவும் தோன்றும். விளக்கை இடப்புறம் வைத்தால் பள்ளமாய்த் தெரிவது வலப்புறம் வைத்தால் மேடாய்த் தெரியும், கண் ஏமாறும். இதற்காகவே பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சிப் படம்பிடித்து, அப்படங்களை ஒன்றாக இணைத்து நோக்கும் புதிய முறை கையாளப்படுகிறது. மேலும், ஒரே பூச்சியின் இடச்சிறகும் வலச்சிறகும் நரம்பு தவறாமல் ஒத்திருப்பதில்லை. ஒரு கிளை கூடுவதும் குறைவதும் இயல்பு. அத்தகைய இயல்பான வேற்றுமையைப் புதிய இனத்தின் அடையாளமென்று கொண்டால் பெயர்கள் பெருகும், அறிவு பெருகாது.

இதைத் தவிர்க்க ஒரே வழி, இன்று வாழும் கும்பிடுபூச்சிகளின் சிறகுகளை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பழகியிருத்தலே. உலகில் ஏறக்குறைய 2,400 கும்பிடுபூச்சி இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் உறுப்புக்களை எவ்வாறு பெயரிட்டு விவரிப்பது என்பதற்கே 2017 இல் ஒரு விரிவான கைநூல் வெளியாயிற்று. உயிரோடிருப்பதை ஒழுங்காக அறிந்தவனே இறந்ததைப் பற்றிப் பேசும் தகுதி பெறுகிறான். லாப்ரடோர்ச் சிறகை ஆராய்ந்தோர் அதனை இன்றும் எஞ்சியுள்ள சில பழைய குலங்களோடு ஒப்பிட்டனர். அப்பழங்குலங்கள் எந்த வரிசையிலே ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன என்ற நெடுநாட் சிக்கலை அவிழ்க்க இச்சிறகு துணையாயிற்று என்பதே அவர்களின் முடிபு.

எவ்வளவு நம்புவது?

ஒரு சிறகின் வாக்குமூலத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்வினாவுக்கு விடை காண இரு பழைய வழக்குகளை நோக்குவோம்.

ஐயத்திற்கிடமற்ற கும்பிடுபூச்சிச் சுவடுகளுள் மிகப் பழையவை ஏறத்தாழப் பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு அணித்தானவை. ஆனால் 2009 இல் ஆய்வாளர் இருவர், முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலக்கரிக் காலச் சிறகுகள் சிலவற்றை ஆராய்ந்து, கும்பிடுபூச்சிகளின் குலம் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது என்று வாதிட்டனர். அவர்களுள் ஒருவரே பின்னர் லாப்ரடோர்ச் சிறகின் ஆய்விலும் பங்குகொண்ட ஒலிவியே பெத்து என்பார். வேறு அறிஞர் பலர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இரு தரப்பாரும் பார்த்தவை அவையே சிறகுகள். நரம்புகளை இனங்காண்பதிலேதான் வேறுபட்டனர். ஒரு நரம்பு எதன் கிளை என்ற கருத்து வேற்றுமையினால் ஒரு குலத்தின் வயது பதினாறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கூடவும் குறையவும் கூடும் என்பதை எண்ணிப்பாருங்கள்!

இன்னொரு வழக்கு வண்டுகளைப் பற்றியது. நிலக்கரிக் காலத்துச் சிறகொன்றிலே நரம்புகளுக்கிடையே தடித்த பகுதிகள் காணப்பட்டன. வண்டின் முன்சிறகு தடித்திருப்பது வழக்கமாதலின், இதுவே உலகின் மூத்த வண்டு என்று 2009 இல் எழுதப்பட்டது. 2012 இல் வேறிருவர் அதே கல்லை மீண்டும் நோக்கினர். தடிப்பெனக் கருதப்பட்டது சிறகில் ஒட்டிய களிமண்ணே என்று அவர்கள் காட்டினர்.

இவற்றைக் கூறுவது எவரையும் எள்ளுவதற்கன்று. நான் இங்கே காண்பது விஞ்ஞானத்தின் வலிமையையே. களிமண்ணைச் சிறகென்று ஒருவர் எழுதினார். அக்கல் பொதுநிலையத்திலே பாதுகாக்கப்பட்டிருந்தமையால் இன்னொருவர் சென்று பார்க்க முடிந்தது. பார்த்தபின் அச்சமின்றி மறுத்துரைக்கவும் முடிந்தது. பெயரிடும் விதிகள் ஒவ்வொரு புதிய இனத்துக்கும் ஒரு மூல மாதிரியைக் குறித்துக் காட்டவேண்டுமென வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவே. 'நான் சொல்கிறேன், நம்பு' என்று கூறும் உரிமை அங்கே எவர்க்கும் இல்லை. 'இதோ கல், நீயே பார்' என்பதே முறை. பெரியார் வாக்கென்றால் பாராமலே தலையாட்டும் பழக்கமுடைய நம் வகுப்பறைகளுக்கும் மேடைகளுக்கும் இதைவிட நல்ல பாடம் எது?

கல் யாருடையது?

நீயே பார் என்பது நல்ல முறைதான். ஆனால் பார்ப்பதற்குக் கல் எங்கே இருக்கிறது? கும்பிடுபூச்சிகளின் அழகிய பண்டைச் சுவடுகள் பல பிரேசில் நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளிலும் பர்மாவின் அம்பரிலும் கிடைத்தவை. பிரேசிலிலே உயிர்ச்சுவடுகள் அரசின் உடைமை என்று 1942 ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். அதன் பின்னரும் அந்நாட்டுச் சுவடுகள் பல வெளிநாட்டு அரும்பொருட் காட்சிச்சாலைகளைச் சென்றடைந்தன. ஜெர்மனியிலே வைக்கப்பட்டு 'உபிராஜரா' என்று பெயரிடப்பட்ட ஒரு டைனோசரின் சுவட்டைப் பிரேசில் மக்கள் விடாது கேட்டதன் பயனாக 2023 இல் அது தாயகம் திரும்பியது. பர்மிய அம்பரைப் பற்றியோ, அதன் வருவாய் உள்நாட்டுப் போருக்கு எரிபொருளாகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முதுகெலும்பி உயிர்ச்சுவடுகளை ஆராயும் உலகச் சங்கமொன்று 2020 இல் அவ்வம்பரை ஆய்வதைத் தற்காலிகமாக நிறுத்துமாறு வேண்டிக்கொண்டது.

மொறிசியஸ் நாட்டவரான நுசைபா ராஜா என்னும் பெண் ஆய்வாளரும் பிறரும் இதனைக் கணக்கிட்டு 2021 இல் வெளியிட்டனர். முந்திய முப்பது ஆண்டுகளில் உலகத் தரவுத்தளத்திற் சேர்ந்த உயிர்ச்சுவட்டுத் தரவுகளில் 97 விழுக்காடு செல்வ நாடுகளையும் அவற்றை அடுத்த நிலையிலுள்ள நாடுகளையும் சேர்ந்த ஆய்வாளரால் வந்தவை என்பது அவர்தம் கணக்கு. கல் ஏழை நாட்டிலிருந்தாலும் அதனை வாசிக்கும் கண் செல்வ நாட்டிலிருக்கிறது. இதற்குப் பரிகாரம் கல்லைத் திரும்பக் கேட்பது மட்டுமன்று. கண்ணை நம் நாட்டிலேயே உண்டாக்குவதும் வேண்டும்.

மடுல்சீமையின் இலை

இனி நம் மலைகளுக்கு வருவோம். நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் ஒரு பண்டைச் சிறகு கிடைக்குமா? கிடையாது. இலங்கையின் பத்திலொன்பது பங்கு மிகப் பழைய பாறை. ஊவாவின் பாறைகள் ஏறத்தாழ ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. பூச்சியினமோ உலகில் தோன்றி நாற்பது கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேலேதான் ஆகிறது. ஆகவே நம் பாறை பூச்சிகளுக்கு மூத்தது. இந்நாட்டிலே தேடவேண்டுமாயின் புத்தளம் மாவட்டத்துத் தப்போவைப் பகுதியிலே தேடலாம். அங்கே ஜுராசிக் காலத்து இலைச் சுவடுகள் கிடைத்துள்ளன. அயலிலே குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிற் கிடைத்த, ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்பரின் பூச்சிகளைப் பற்றி 2010 இல் விரிவான ஆய்வு வெளியாயிற்று. அந்த அம்பர், நம் ஈரவலயக் காடுகளிலே சிங்கள மக்கள் 'ஹொர' என்று வழங்கும் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் பிசினே.

கல்லிலே சிறகில்லை என்றால் ஊவாவுக்கு இதில் வேலையில்லையா? உண்டு. சிறு துணுக்கொன்றைக் கொண்டு ஓர் உயிருக்குப் பெயரிட்ட நிகழ்ச்சி, அதுவும் ஒரு நாட்டின் விதியையே மாற்றிய நிகழ்ச்சி, இந்த ஊவாவிலேதான் தொடங்கியது.

1869 ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்கிலி என்னும் பாதிரியாரும் புரூம் என்பவரும் அதனை உருப்பெருக்கியில் நோக்கி, அது ஒரு புதிய பூஞ்சணம் எனக் கண்டு, அவ்வாண்டிலேயே 'ஹெமிலேயா வஸ்தாத்றிக்ஸ்' என்று பெயரிட்டனர். முதற்சொல்லுக்குப் பாதி வழவழப்பானது என்று பொருள். அதன் வித்தியின் ஒரு பக்கம் வழவழப்பாயும் மறுபக்கம் சொரசொரப்பாயும் இருந்தமையால் வந்த பெயர். இரண்டாம் சொல்லுக்குப் பாழ்படுத்துவது என்று பொருள். பெயர் பலித்தது. பெயர் கிடைத்துப் பதினோராண்டு கழிந்த பின்னரே, 1880 இல், மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கே அனுப்பப்பட்டார். காற்றிலே பரவும் வித்திகள் இலையின் நுண்துளை வழியே புகுகின்றன என்பதை அவர் தெளிவாக்கிய காலத்திலே கோப்பியைக் காக்கும் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது.

கோப்பிக்கு ஆண்டிற் சில மாதமே ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் வேண்டும். வந்து திரும்பியவர் வந்து தங்குவோராயினர், லயங்கள் நிலைத்தன. ஊவாவின் தோட்டத் தமிழர் என்றொரு சமுதாயம் வேரூன்றியதற்குக் காரணங்கள் பல உண்டெனினும், மடுல்சீமை இலையின் செம்மஞ்சட் பொடியும் அவற்றுள் ஒன்று. நுண்ணுயிர்க்கு ஒரு பெயரிடுவது ஏட்டறிஞரின் விளையாட்டு என்று நினைப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். பெயரோடு நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதையும் இவ்வரலாறே கூறுகிறது.

தேயிலையின் காலத்திலும் இதே பாடம் மீண்டது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1935, 1936 ஆம் ஆண்டுகளிலே ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். அது புழுவின் உடலிலே முட்டையிட்டுப் புழுவை அழித்தது, தோட்டங்கள் தப்பின. அக்குளவியின் குடும்பத்தை அதனையொத்த இன்னொரு குடும்பத்திலிருந்து பிரித்தறிய உதவும் அடையாளம் எது தெரியுமா? முன்சிறகிலே ஒரு குறிப்பிட்ட குறுக்கு நரம்பு உண்டா இல்லையா என்பதே! பின்னர், 1950 களின் பிற்பகுதியிலே, தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அது குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த சுருட்டுப் புழு மீண்டும் பெருகியது.

அத்துளைவண்டின் கதையும் கேட்கத்தக்கது. இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1868 இல் ஐக்கோவ் என்னும் ஜெர்மானியர் அதற்குப் பெயரிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே இனமென்று எண்ணப்பட்டது உண்மையில் நான்கு இனங்களின் கூட்டம் என்பது அண்மையிலேதான் தெளிவாயிற்று. அவற்றுள் ஐக்கோவ் இட்ட பழம்பெயர் எதற்குரியது? தொலைந்ததாகக் கருதப்பட்ட அவரது மூல மாதிரி மீண்டும் அகப்பட்ட பின்னரே, 2019 இல், இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. அப்பெயர் தேயிலையைத் தாக்கும் வண்டுகளுக்குரியதன்று என்றும், கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாபிரிக்காவிலும் பலவகை மரங்களை அழிக்கும் வண்டுக்கே உரியதென்றும் முடிபாயிற்று. பசறையிலே ஒரு தோட்டத்துக் கவ்வாத்து மலையில் வாதை ஒடித்துப் பார்ப்பவன் காணும் துளைக்கும், வெளிநாட்டுக் காட்சிச்சாலையின் பெட்டிக்குள் ஊசியிற் குத்தப்பட்ட ஒரு வண்டுக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருக்கிறது.

பெயரும் பதிவும்

நம்மவர்க்குப் பதிவேட்டின் அருமையை வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் பதிவேட்டிலிருந்து விலக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை நாடற்றோர் என்னும் சொல்லைச் சுமந்தவர் இச்சமுதாயத்தவர். பெயர் பதியப்படாதவன் இருந்தும் இல்லாதவனே என்பதை அவர்கள் வாழ்ந்து கற்றனர். உயிரினங்களுக்கும் இவ்விதி பொருந்தும். பெயரற்ற ஒரு பூச்சி அழிந்தால் அழிந்ததென்று எழுதவும் இயலாது.

நாவலரும் கவிஞரும் இம்மலைகளின் மனிதரைப் பற்றி எழுதியுள்ளனர். ஆனால் இம்மலைகளின் சிற்றுயிர்களைப் பற்றித் தமிழிலே எழுதியவர் எத்தனை பேர்? இலங்கையின் வெட்டுக்கிளிகளையும் அவற்றையொத்த பூச்சிகளையும் நுணுகி ஆராய்ந்து, கொழும்பு நூதனசாலையின் 'ஸ்போலியா சிலனிக்கா' என்னும் ஏட்டிலே எழுதிய ஜி. எம். ஹென்றி 1891 இல் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்ட அதிகாரியின் மகனாகப் பங்களாவில் வளர்ந்தவர் அவர். அதே காலத்தில் லயங்களில் பிறந்த குழந்தைகள் அதே பூச்சிகளை அவரைவிட அதிகமாகவே பார்த்திருப்பர். பார்த்தவற்றைப் பதியும் கருவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கண்ணில் குறையில்லை, கல்வியிலே குறை.

அக்குறை இன்றும் முற்றாக நீங்கியதென்று நான் சொல்லமாட்டேன். தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் போதாமை எல்லோரும் அறிந்தது. ஆய்வுகூடம் இல்லாத இடத்திலே விஞ்ஞானம் படத்தைப் பார்த்து எழுதும் பாடமாகிவிடுகிறது. ஆனால் சிறகை வாசிப்பதற்குப் பெரும் ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இறந்து கிடக்கும் கும்பிடுபூச்சி ஒன்றின் முன்சிறகு, ஒரு கைவில்லை, வெள்ளைத் தாள், கூரிய பென்சில் ஆகியன போதும். நாற்பது பிள்ளைகள் நாற்பது சிறகுகளை வரைந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஓரினத்துக்குள்ளே எவ்வளவு வேற்றுமை இயல்பானது என்பதை அவர்கள் தம் கண்ணாலே காண்பர். மேலே கூறிய முப்பது கோடி ஆண்டு வழக்கின் உயிர்நாடியும் அதுவே. சிறகு கிடைத்த இடம், நாள், செடி, எடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் ஒரு சிறு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் அது விளையாட்டுப் பொருளன்று, சான்று. அதனை எடுத்த பிள்ளையின் பெயரும் அச்சான்றோடு நிலைக்கும். 2005 இல் பதுளையிலே நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும், பசறையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் அருகிலேயே உள்ளன. இவற்றுக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இடையே ஒரு பாதை திறக்கப்படுமாயின் பயன் இருபாலார்க்கும் உண்டு.

கலைச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் உயிரினப் பகுப்பிலே 'வருணம்' என்றும் 'சாதி' என்றும் இரு படிகளை வைத்துள்ளன. மனிதரைப் பிரித்து இழிவுசெய்த சொற்கள் பூச்சிகளைப் பகுக்கும் பணியிலேனும் தீங்கற்றவையாய் அமைந்தன என்று ஆறுதல் கொள்ளலாம். பூச்சிகளின் சாதி, நரம்பை எண்ணி எவரும் சரிபார்க்கக் கூடியது. பிழையென்றால் மறுநாளே மாற்றப்படுவது. மனிதரின் சாதிக்கு அத்தகைய சான்று எதுவும் என்றும் இருந்ததில்லை. சிறகின் ஒவ்வொரு நரம்புக்கும் எளிய, நிலையான தமிழ்ப் பெயர்களை ஆக்குவது தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் கூடிச் செய்யவேண்டிய பணி. இலக்கிய வட்டங்கள் இதனைத் தமக்குப் புறம்பான வேலையென்று ஒதுக்கலாகாது. சொல்லில்லாத இடத்திலே பார்வையும் மங்கிவிடுகிறது.

கும்பிடுபூச்சியை உழவனின் நண்பன் என்று கூறி முடிப்பது எளிது. உண்மை அவ்வளவு இனிதன்று. அது தீய புழுவையும் தின்னும், நல்ல குளவியையும் தின்னும். நம் இலாப நட்டம் அதற்குத் தெரியாது. அதனை ஆராய்வதற்கு அது நமக்குப் பயன்படவேண்டும் என்ற நிபந்தனையும் தேவையில்லை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நீர்நிலையின் அடியிலே படிந்த சிறகு, அதனை வாசிக்கக் கற்றவர் வரும்வரை மௌனமாய்க் கிடந்தது. தப்போவையின் பாறையும், மடுல்சீமையின் தேயிலைச் செடியும், அச்செடியின் மேல் இன்றும் கைகூப்பி நிற்கும் பூச்சியும் அவ்வாறே தம்மை வாசிப்போரை எதிர்நோக்கியுள்ளன. அந்த வாசகர் பிறநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் ஹாலி-எலயிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டப் பாடசாலையில் இன்று ஐந்தாம் வகுப்பிலே அமர்ந்திருக்கக் கூடும். அவர் கையிலே ஒரு வில்லையைக் கொடுப்பது நம் கடன்.